கதவுக்குக் கொடுத்த அளவு

— தள்ளி நில்லு. கழுத்துல தொங்கற டேப்பையும் கழட்டி வை. சக்கரம் இழுத்துச்சுன்னா உன்னையும் சேர்த்து மேல ஏத்திடும்.

— முப்பத்தஞ்சு வருஷமா இந்த டைலர் கழுத்துல கிடக்கறது, இப்ப உங்க மெஷினுக்காகக் கழட்டணும். சரி, வெச்சாச்சு. நீங்க பட்டை சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க முதல்ல.

— பார்த்தாச்சு, பார்த்தாச்சு. மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி மரம் அறுக்கற ரம்பப் பட்டை. கையால உருட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கிட்டுப் போவுது.

— சக்கரத்துல நான் ஒட்டின ரப்பர்?

— நீ ஒட்டினது எங்க பிரியப் போவுது?

— பிரிஞ்சா என்னைக் கேளுங்க. ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

— நீ அளந்தா தப்பாதுன்னு ஊருக்கே தெரியுமே டைலரம்மா. ரைட். சுவிட்சைப் போடலாமா?

— இருங்க, சாமியைக் கும்பிட்டுக்கறேன்.

— எனக்கும் சேர்த்துக் கும்பிடு. பஸ்ல கண்டக்டரா விசில் ஊதின காலத்துலேருந்தே ரைட் சொல்லாம எனக்கு எதுவும் கிளம்பாது. போடறேன். ரைட்.

— என்னங்க, ஓடுதா?

— ஓடுது.

— சத்தத்தையே காணோமே.

— இருக்கு. காதை இப்படிக் குடு. மூச்சு விடற மாதிரி ஒரு சத்தம், கேக்குதா?

— கேக்குதுங்க. பல்லு ஒண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியலை. எல்லாம் கரைஞ்சு ஒரே கோடா நிக்குது.

— இரு, சட்டைப் பையில ஒரு காசு இருக்கும். மெஷினோட மேஜை மேல அதைச் செங்குத்தா நிறுத்தறேன் பாரு.

— ஓடற மெஷின் மேலயா? உருண்டு ஓடிடும்.

— கையை எடுத்துட்டேன். பாரு.

— விழலை.

— விழலை.

— என்னங்க, நிஜமாவே விழலைங்க. நின்னுக்கிட்டே இருக்கு.

— படகு கட்டற கொட்டகையில மழையிலயும் வெயில்லயும் கிடந்த மெஷின் இது. கீழ்ச் சக்கரத்துக்குப் பக்கத்துல கோழி முட்டையிட்டு வெச்சிருந்தது. பழைய இரும்புக்காரன் சுத்தியலைத் தூக்கிட்டான்.

— நீங்க குறுக்க போய் விழுந்தீங்க. மெஷின் கிரேன்ல தொங்கிக்கிட்டு வந்தப்போ நான் யானைன்னே நினைச்சேன். வீட்டைக் காலி பண்ணிட்டுப் பையன்கிட்ட போற நேரத்துல இந்த மனுஷனுக்கு ஏன் இப்படிப் புத்தி போவுதுன்னு அழுகையே வந்துடுச்சு.

— அழுதுட்டு மறுநாளே மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமா வந்து உட்கார்ந்தது யாரு?

— துரு போகப் போக உள்ள என்ன இருக்குன்னு பார்க்கற ஆசைதான். பழைய சட்டையைத் திருப்பிப் போட்டு உள் தையலைப் பார்ப்பேன்ல, அந்தப் புத்தி. உள்ள பச்சைப் பெயின்ட் தெரிஞ்சுது பாருங்க, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

— இங்க வந்து இந்த மேஜை விளிம்பைத் தொடு.

— இந்த ஒரு இடம் மட்டும் வழவழன்னு இருக்கே. இங்க உப்புத்தாளே போடலையே நாம.

— போடலை. வேலை பார்த்தவங்க நின்னு நின்னு வயிறு உரசின இடம். எத்தனை பேரோ, எந்தக் காலத்து ஆளுங்களோ. இரும்பையே தேய்ச்சுட்டுப் போயிருக்காங்க.

— புல்லரிக்குதுங்க. இந்த உயரத்துக்கு என் வயிறும் சரியா வருது.

— அந்தப் பலகையை எடு. கோடு போட்டு வெச்சிருக்கியே, அது.

— நீங்க தள்ளாதீங்க, அதுவே இழுத்துக்கும். தையல் மெஷின்ல துணி விடறப்போ இழுப்போமா? வழி காட்டினாப் போதும். ஆங், அப்படித்தான். வளைவுல நிதானம்.

— பலகைன்னே கைக்குத் தெரியலை. சோப்புல போற மாதிரி போவுது. இந்தா, பிடி.

— நான் போட்ட கோடு பாதி பலகையிலயும் பாதி துண்டுலயும் இருக்கு. அளவுன்னா இது அளவு. என்னங்க, கண்ணைத் துடைச்சுக்கங்க, மரத்தூள் விழுந்திருக்கு.

— தூள் இல்ல. சரி, அணைக்கறேன். அணைச்சும் எப்படிச் சுத்துது பாரு.

— அதுக்கு நிக்க மனசில்ல.

— நின்னுதான் ஆகணும். நாளைக்குக் காலையில லாரி வந்துடும். நாம கிளம்பினதும் வீட்டைப் பார்க்க தரகர் ஆளைக் கூட்டிட்டு வர்றாராம். பையன் அவன் ஃப்ளாட்டுக்குக் கீழ இருக்கற ஷெட்லயே மெஷினுக்கு இடம் ஒதுக்கிட்டானாம்.

— ஒதுக்குவான். நமக்கு அஞ்சாவது மாடியில ஒரு ரூம் ஒதுக்கியிருக்கான். என் தையல் மெஷினுக்குப் பால்கனி ஒதுக்கியிருக்கான், துணி காயற கொடிக்கு அடியில. எல்லாருக்கும் இடம் ஒதுக்கிட்டான், ரொம்பப் பொறுப்பான புள்ள.

— ஏன், உனக்குப் போகப் பிடிக்கலையா?

— அவன் ஆசையா கூப்பிடறான். பெத்தவ வாயால எப்படி வரமாட்டேன்னு சொல்றது?

— நான் பட்டுன்னு சொல்லிட்டேன்ப்பா. மெஷின் வந்தா நான் வருவேன். மெஷின் வரலைன்னா என்னை எதிர்பார்க்காதேன்னு.

— சொன்னீங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுச் சொன்னீங்க. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்.

— அவனும் சரின்னுட்டான். ரைட், டேப்பைக் குடு, லாரிக்காரன் அளவு கேட்டான். அந்த முனையைப் பிடி. மெஷினோட வயித்துப் பக்கம்தான் பெருசு. மூணரை அடி. இப்ப கதவு. பிடி.

— பிடிச்சிருக்கேன்.

— இரு. இன்னொரு தடவை பிடி. இறுக்கிப் பிடி.

— இறுக்கித்தான் பிடிச்சிருக்கேன்.

— நாலு விரல் கம்மியா இருக்கு.

— மெஷினா?

— கதவு. சட்டத்துக்கு உள்பக்கம் நாலு விரல் கம்மி. இது வெளியே போகாது.

— சாய்ச்சு எடுத்தா?

— எந்தப் பக்கம் சாய்ச்சாலும் வயிறு இடிக்கும். சக்கரத்தைக் கழட்டலாம், உடம்பைக் கழட்ட முடியாது, அடியிலேருந்து தலை வரைக்கும் ஒரே வார்ப்பு. வந்தப்போ இந்தப் பக்கம் சுவரே இல்லையே. மழையில விழுந்து திறந்து கிடந்துச்சு, கிரேன் நேரா உள்ள இறக்கிட்டுப் போச்சு. அப்புறம்தானே கொத்தனார் வந்து சுவர் எழுப்பினார்.

— எழுப்பி, பழைய ஓட்டுக் கூரையை எடுத்துட்டு மேல தளமும் போட்டார்.

— அதான் சொல்றேன். இப்ப சுவர்ல கை வெச்சா தளம் தலையில இறங்கும். படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அந்த மனுஷன்கிட்ட, மெஷினைப் பார்த்துக் கதவை வைங்கன்னு. உள்ள வெச்சுப் பூட்டிட்டாரே. போன் எங்க? இன்னிக்கு அவருக்கு இருக்கு.

— சக்கரம் இன்னும் லேசா சுத்துதுங்க, பாருங்க.

— விளையாடற நேரமா இது? மெஷினை இங்க விட்டுட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன், அவன்கிட்ட சொன்னது சொன்னதுதான். போனைக் குடு.

— கொத்தனாரைத் திட்டாதீங்க.

— திட்டாம? கையெடுத்துக் கும்பிடணுமா?

— கதவுக்கு எவ்வளவு அகலம் விடணும்னு அவர் கேட்டாரு. நீங்க பையன்கிட்ட போன்ல சொன்னதுக்கு மறுநாள், பேரிங் வாங்கப் போயிருந்தீங்க. நான்தான் அளவு குடுத்தேன்.

— நீயா?

— நான்தான். முதல்ல மெஷினை அளந்தேன். அப்புறம் அவருக்கு அளவு சொன்னேன்.

— ஆயுசுல ஒரு நூல் தப்பினதில்லையே டைலரம்மா உனக்கு.

— இப்பவும் தப்பலைங்க.