வெள்ளை உடுப்பின் ஏழாம் நாள்

ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஆற்றுத் தண்ணீர் சில்லென்று இருந்தது, பிஷப் ஆண்டகையே. குழந்தைகளுக்கு மட்டும் வெந்நீர் கலக்கச் சொன்னேன். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். உங்கள் ஆள் வாசலில் வாளோடு நிற்கிறானே, அவனை உட்காரச் சொல்லுங்கள். நான் ஓடிப்போகிறவன் இல்லை.

இந்த ஆற்றுத்துறையைக் காக்கும்படி அரசர் என்னை வைத்து ஐந்து வருடமாகிறது. அவர் தெற்கு எல்லையில் வேறு சண்டையில் இருக்கிறார். மரங்களைக் கும்பிடும் அக்கரைச் சாக்சன்கள் அறுவடை முடிந்ததும் சமாதானம் என்று கையடித்துக் கொடுப்பார்கள். பனி உருகியதும் வந்து கொளுத்துவார்கள். போன வருடம் களஞ்சியத்தோடு என் ஆட்கள் ஒன்பது பேரை எரித்தார்கள். இன்னொரு வசந்தமும் எல்லை எரிந்தால் என் தலை கழுத்தில் இருக்காது என்று அரசர் சொல்லி அனுப்பினார்.

அதனால் அவர்கள் தலைவன் ஹாதுமாரிடம், ஞானஸ்நானம் பெற்றால் இக்கரையில் மேய்ச்சல் நிலம் தருகிறேன் என்றேன். ஊரோடு வந்தான். எல்லாரும் ஆயுதங்களைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினார்கள். அவனுக்கு நானே ஞானத்தகப்பனாக நின்றேன். தண்ணீரிலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டதும் நான்தான்.

“என்னைவிடப் பத்து வயசு சின்னவன் நீ. இனிமே உன்னை அப்பான்னு கூப்பிடணுமா? மீசைகூட ஒழுங்கா வரல உனக்கு” என்று நடுங்கிக்கொண்டே சிரித்தான்.

“கூப்பிட்டுத்தான் ஆகணும்” என்றேன். எனக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது.

எல்லாருக்கும் புது வெள்ளை உடுப்பு கொடுத்தோம். ஏழு நாள் அதைக் கழற்றக் கூடாது, ஆயுதம் தொடக் கூடாது. அது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோட்டைக்குள் தங்கவைத்து ரொட்டியும் பன்றிக்கறியும் போட்டேன். தினமும் அவர்களோடுதான் சாப்பிட்டேன். இந்த உடுப்பில் இருப்பவன் மேல் ஒரு பாவமும் இல்லை, இப்போதே செத்தால் நேராக மோட்சம் என்று எங்கள் குரு பிரசங்கம் செய்தார். எனக்குத் தூக்கம் போயிற்று. எட்டாம் நாள் உடுப்பைக் கழற்றுவார்கள். பழையபடி மரங்களுக்குப் பலியிடுவார்கள், கொளுத்துவார்கள், நரகத்துக்குப் போவார்கள். பெற்ற பிள்ளை நெருப்பில் விழுவதை எந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்?

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் கோட்டைக் கதவைச் சாத்தச் சொன்னேன். தொழுவத்துக்குப் பின்னால், ஒவ்வொருவராக. அவசரப்படவில்லை. உடுப்பை முதலில் கழற்றி வாங்கிக்கொண்டோம். நல்ல துணி, அடுத்து ஞானஸ்நானத்துக்கு வரும் ஊர்க்காரர்களுக்கு ஆகும். குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்மார்களிடமிருந்து அவர்களைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹாதுமாரைக் கடைசியில் கொண்டுவந்தார்கள்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டான்.

“நேரா மோட்சத்துக்குப் போற. உன் மேல ஒரு பாவமும் இல்ல.”

“அவ்வளவு நல்ல எடம்னா நீ முன்னால போ, அப்பா. நான் பின்னாலயே வர்றேன்.”

அந்த நேரத்திலும் கிண்டல். அவனை மட்டும் என் கையால் முடித்தேன். மகன் அல்லவா.

இந்த வசந்தத்தில் எல்லையில் ஒரு கூரைகூட எரியவில்லை. யாரும் சொல்லிச் செய்யவில்லை, எல்லாம் நான் யோசித்துச் செய்ததுதான். அவர்கள்மேல் வைத்த அன்பினால் செய்தேன். இனி நீங்கள் என் தலையில் கைவைத்து மன்னித்துவிட்டால், நானும் அவர்களைப் போலவே சுத்தமாகிவிடுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று, ஆண்டகையே. வாசலில் நிற்கும் உங்கள் ஆளிடமிருந்து அந்த வாளை வாங்கிவிடுங்கள்.