கடைசி வாரங்களில் வெறும் தண்ணீர்

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் சீனி கொஞ்சம் கூடத்தான், ஆனால் எனக்கு அப்படித்தான் பிடிக்கும். மொழிபெயர்க்க வந்திருக்கும் கீர்த்திகா பிள்ளைக்குச் சிரமம் கொடுக்காமல் மெல்லவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். இடையிடையே சிரிப்பு வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் பிறந்ததிலிருந்தே எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதலில் கஞ்சாவைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் சின்னக் குற்றம். மோர்டனில் என் அண்ணை செபமாலைமுத்துவின் வீட்டில், கூரைக்கடியில் இருக்கும் லொஃப்டில் மூன்று செடி வளர்த்தேன். அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். பேச்சில்லை, விழுங்கவும் முடியாது. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அதற்கான பால் போத்தல்கள் மாதாமாதம் பெட்டி பெட்டியாக வரும். அவர் மகள் றூபினிக்கு ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அதனால் அவரோடு தங்கிப் பார்த்துக்கொண்டது நான். குளிப்பாட்டியது, நகம் வெட்டியது, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட்டது எல்லாம் நான்தான். எனக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

கஞ்சா வளர்ப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. அறுவடைக்கு முன் கடைசி வாரங்களில் உரத்தைக் குறைப்பதா, இல்லையா? ஒரு கட்சி, வெறும் தண்ணீர் ஊற்று, செடி உள்ளே தேங்கியதையெல்லாம் கழித்துச் சுத்தமாகிவிடும் என்கிறது. மற்றக் கட்சி, அது சும்மா கதை, இலை மஞ்சளாவதுதான் மிச்சம் என்கிறது. இணையத்தில் நான் இரண்டு கட்சியோடும் சண்டை பிடித்தேன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் கிருஷாந்தும் ஒளித்து வளர்ப்பவர்தான். அவர் இரண்டாவது கட்சி.

“செடி கடைசிவரைக்கும் சாப்பிடோணும், கொட்வின் அண்ணை. பட்டினி கிடந்து ஆர் நல்லா வந்தது?”

“அப்ப நாங்கள் தவக்காலத்தில ஒருசந்தி இருக்கிறது ஏன்?” என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு உடம்பை ஒறுப்பதைத்தான் நாங்கள் ஒருசந்தி என்போம். அவர் அடுத்த பாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

வாய்ச்சண்டை எதற்கு என்று செய்தே பார்த்தேன். ஒரு செடிக்கு முழு உரம், ஒன்றுக்குப் பாதி, மூன்றாவதற்கு வெறும் தண்ணீர். மூன்றாவது மஞ்சளாகி, இலை தொங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. காய வைத்துப் பற்றவைத்தால், தொண்டையில் ஒரு கீறல் இல்லை, இருமல் இல்லை, அப்படி ஒரு இனிமை. லொஃப்டில் தனியாக நின்று கைதட்டிச் சிரித்தேன். ஏணியில் இரண்டு படி தவறி விழுந்தும் சிரித்தேன். நேரே அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணை எங்கள் குடும்பத்திலேயே பெரிய பக்திமான். மன்னாரில் இருந்த காலத்தில் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பார், என்னையும் இருக்க வைப்பார். எட்டு வயதில் ஒளித்து ஒரு விசுக்கோத்து தின்றதற்கு, வந்த சனமெல்லாம் பார்க்கக் கோயில் வாசலில் முழங்காலில் நிற்க வைத்தார். அதை நான் மனத்தில் வைத்திருக்கவில்லை. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவர் இரண்டு தவக்காலத்தைத் தவறவிட்டிருந்தார். அந்தக் கவலைதான் எனக்கு.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தால் ஓம், இரண்டுதரம் என்றால் இல்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கேட்டேன்: “அண்ணை, இந்தமுறை ஒருசந்தி இருப்பமோ?” அவர் இரண்டுதரம் மூடித் திறந்தார். முதலாவது எனக்கு, இரண்டாவது ஆண்டவருக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் றூபினி ரொறொன்ரோவில் பெரியம்மாவின் ஒப்பரேஷனுக்குத் துணையாக மூன்று வாரம் போனாள். தாதி வருவது மாதம் ஒருமுறை. எல்லாம் தானாகவே கூடி வந்தது. முதல் மூன்று நாள் பாலைப் பாதியாக்கினேன். நாலாம் நாளிலிருந்து வெறும் தண்ணீர். ஆனால் வடிகட்டிய தண்ணீர், இளஞ்சூட்டில், ஒரு வேளையும் தவறாமல்.

“சித்தப்பா, அப்பாக்குப் பால் ஒழுங்காப் போகுதோ?” என்று றூபினி தினமும் போனில் கேட்பாள்.

“அப்பா நல்ல வடிவா இருக்கிறார் பிள்ளை. முகம் பளிச்செண்டு இருக்கு.”

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கன்னமெல்லாம் வடிந்து, படத்தில் இருக்கும் புனிதர் மாதிரி ஆகிவிட்டார். முன்பு இரண்டு பேர் தூக்க வேண்டிய மனிதரை நான் தனியே ஏந்திக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். பாடிக்கொண்டே சுற்றினேன். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் இருந்ததே இல்லை.

இருபதாம் நாள் காலை அவர் போய்விட்டார். மறுநாள்தான் றூபினியின் விமானம். பிரேதப் பரிசோதனையில் பட்டினி என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. பாலை நிறுத்தியது நான். போத்தல்களை அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டியதும் நான். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். சாவதற்கு முதல் நாள், இரண்டு வருடமாக அசையாத வலது கையை அண்ணை தூக்கினார். நடுங்க நடுங்கத் தூக்கி, அந்த அலமாரியைக் காட்டினார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய்த் திறந்து, போத்தல் எல்லாம் வரிசையாக இருப்பதைக் காட்டினேன். “ஒண்டும் வீணாப் போகேல்லை அண்ணை, பயப்பிடாதேங்கோ,” என்று சொல்லித் திரும்பப் பூட்டினேன். அவருடைய இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. ஒரு மனிதன் தன் பாவங்களுக்காக அப்படி உருகி அழுததை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.