கதவோரத்து நாற்காலி

இல்லம்மா, நான் குனியுறதுமில்ல, நிமிர்றதுமில்ல. கிளாஸ்ல இவங்கல்லாம் கண்ணை மூடிப் படுப்பாங்க, நான் கதவோரம் இந்த நாற்காலியில முழிச்சு உக்காந்திருப்பேன். என் யோகா இவ்வளவுதான். நீ இதுக்குத் தேறுவியான்னுதான் பாத்துட்டிருக்கேன்.

அடேயப்பா, பாய்ல தாமரையெல்லாம் போட்டிருக்கே. டவுன்ல வாங்குனதா? அங்க யோகா கிளாஸ்ல மெழுகுவத்தி, வெள்ளரிக்கா போட்ட தண்ணி எல்லாம் குடுத்திருப்பாங்களே. உன் சுருட்டை முடியத் தொட்டுப் பாக்கலாமான்னு வெள்ளைக்காரி ஒருத்தி கேட்டிருப்பாளே. கேட்டாளா? தெரியும். அப்புறம் உன்னை நீயே நேசின்னு ஓதியிருப்பா. நேசிச்சு முடிச்சு, மறுநாள் விடியறதுக்குள்ள பஸ் புடிச்சு, அவ அம்மாவுக்குப் படுக்கை மாத்த நீதான் வேலைக்கு ஓடணும்.

இந்த டெட்ராய்ட்ல எங்க சர்ச் பொம்பளைங்க மட்டும் என்ன ஒழுங்கா? அந்தா, ஊதாத் துணி தலையில கட்டியிருக்காளே, ஓடெல். முழங்கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு, நின்னு ஊருக்கே மீன் பொரிப்பா. எப்படியிருக்கேன்னு கேட்டா, கர்த்தர் கிருபையில நல்லாருக்கேம்பா. கருப்புப் பொம்பளைன்னா இரும்புன்னு எவனோ சொன்னான், அதை இவளுங்க மெடல் மாதிரி நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியுறாளுக. சுத்த அசடுங்க.

டீச்சரா? வயித்தைத் தூக்கிட்டு நிக்கிறாளே, கெசையா. மொதல்ல நம்ம பொம்பளைங்க எழுதுன புஸ்தகத்துல ஒரு பக்கம் படிப்பா, அப்புறந்தான் கைகால நீட்டச் சொல்லுவா. உடம்பைப் பாத்துக்குறது நாம ஒருத்திக்கு ஒருத்தி செய்யிற வேலைம்பா. வேலைன்னா முறை போட்டுச் செய்யணுமேடின்னு கேட்டேன். அப்படி வந்ததுதான் இந்த நாற்காலி. இங்க யாரும் காவலில்லாமக் கண்ணை மூடக்கூடாது. யாருக்கு மூச்சு எப்படிப் போகுதுன்னு ஒருத்தி பாத்துட்டே இருக்கணும். உங்க டவுன்ல உண்டா இது?

மெர்ட்டிஸ்னு ஒருத்திய இதுல உக்கார வச்சோம். குறட்டை விட்டா. நீக்கிட்டோம். சக்கரவள்ளிக் கிழங்குல இனிப்பு அப்பம் சுட்டு எடுத்துட்டு வந்து கெஞ்சுனா. அப்பத்தைத் தின்னுட்டு, முடியாதுன்னுட்டோம்.

நீ எப்படி, தூங்கி வழியுற ஆளா? சரி, தொண்டை இருக்கா உனக்கு? வெள்ளைக் கோட்டு போட்டவன் வந்து, ஒண்ணுமில்ல, படுத்தா சரியாயிடும்னு சொன்னா, தலையாட்டிட்டு நிப்பியா, இல்ல வார்டே அதிரக் கத்துவியா?

ஏன் கேக்குறேன்னா, கெசையாவுக்கு அடுத்த வாரம் பிரசவம். அவ கட்டில் பக்கத்துல எப்பவும் எங்கள்ல ஒருத்தி முழிச்சிருப்பா. இத்தனை நாள் இங்க பழகுனதே அதுக்குத்தான். செவ்வாக்கிழமைக்கு ஆளில்ல.

அவ அம்மா வரமாட்டாளான்னா கேக்குற? அவ உசிரோட இல்லம்மா. அவதான் என் தங்கச்சி வெர்னெல். இவளைப் பெத்துப் போட்டுட்டு, தலை வலிக்குது, தலை வலிக்குதுன்னா. நீங்கதான் திடமான ஆளாச்சே, கொஞ்சம் படுங்கன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்காரங்க லைட்டை அணைச்சுட்டுப் போயிட்டாங்க. இதே டெட்ராய்ட்லதான். கட்டில் பக்கத்துல நாற்காலி ஒண்ணு கெடந்துச்சு. சும்மாதான் கெடந்துச்சு.

சரி, ஆரம்பிக்கப் போறா. அந்தப் பாயைச் சுருட்டி ஓரமா வை. வந்து இதுல உக்காரு.