அரைவயிற்றுக் கிட்டார்

– வாசிக்கவே இல்ல சகலை. ஸ்பீக்கர்ல சொருகிட்டு சும்மா தோள்ல மாட்டிக்கிட்டு நின்னேன், அதுவே ஊளையிட ஆரம்பிச்சிடுச்சு. அத்தனை டாக்டருங்க முன்னாடி. பேயைப் பாத்த நாய் மாதிரி.

– வாங்க டாக்டர். மொதல்ல பெட்டியைக் கண்ணாடி மேஜை மேல இருந்து எடுங்க, கீறிடும். எது ஊளையிட்டுச்சு? உங்க வீட்டுல ஏழு கிட்டார் இருக்கு, உங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சது மூணு பாட்டு. அதான் எதுன்னு கேக்கறேன்.

– எதுன்னு உனக்குத் தெரியாதா? போன மாசம் வரைக்கும் இதே சுவத்துல தொங்கிட்டிருந்த செவப்பு. ஊர் ஊரா கச்சேரி பண்ணின கிட்டார் மேதை, அந்தத் தொப்பிக்காரர் வாசிச்சது. என் பொண்டாட்டியோட தங்கச்சியை நீ கட்டிக்கிட்ட பாவத்துக்கு, வேற எங்கயும் போகாம உன் கடையில வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்.

– நானா வித்தேன்? பேங்க் வரைக்கும் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா சுவத்துல ஆணி மட்டும் நிக்குது. வித்தது உங்க மச்சினி. உள் ரூம்ல இருக்காங்க, அங்க போய்க் கேளுங்க.

– இருக்காங்களா? கட்டின பொண்டாட்டிக்கு அவ்வளவு மரியாதையா?

– மரியாதை இல்ல, பேச்சு இல்ல. அன்னையிலேருந்து நாங்க பேசிக்கிறதில்ல. ஏதாவது வேணும்னா சீட்டு எழுதி மேஜை மேல வச்சிடுவேன்.

– அது உங்க குடும்பச் சமாச்சாரம். எனக்குக் கிட்டார்தான் பேச்சு. விலைச் சீட்டு தொங்கிச்சு, சீட்டுல போட்டிருந்ததைக் குடுத்தேன். ஒரு வார்த்தை கொறைச்சுக் கேட்டேனா? நான் பேரம் பேசற ஆள் கிடையாது. பல்லு புடுங்க நான் ஒரு விலை சொல்லுவேன், அதான் விலை. அதே மாதிரிதான் வாங்கறதும்.

– அதுதான் டாக்டர் கொடுமை. அந்த விலை விக்கறதுக்குப் போட்டதில்ல, விரட்டறதுக்குப் போட்டது. எத்தனையோ பேர் ஆசையா கிட்ட வந்து, சீட்டைத் திருப்பிப் பாத்துட்டு, சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கிட்டு புல்லாங்குழல் பக்கம் போயிருக்காங்க. உலகத்துல எவனாவது அந்த விலைக்குச் சரின்னு சொல்லுவானா? குறைஞ்சபட்சம் பாதிக்காவது கேப்பான், நானும் முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுவேன். நீங்க ஒருத்தர்தான் கட்டிக் குடுங்கன்னீங்க.

– விக்க இஷ்டம் இல்லன்னா எதுக்குச் சுவத்துல மாட்டின?

– ராத்திரி கடையைச் சாத்திட்டு வாசிக்கறதுக்கு. வீட்டுக்குள்ள வச்சிருந்தா, இது கடைச் சரக்கா உங்க சொத்தான்னு ஒருத்தங்க கேப்பாங்க. சுவத்துல தொங்கினா சரக்கு. யாரும் கேக்க முடியாது.

– இவ்வளவு ஆசையா வச்சிருந்தவன், ஊளையிடற பொருள்னு தெரிஞ்சுதானே வச்சிருந்த? பாதி வயிறு காலி, நடுவுல மரக்கட்டை ஓடுது, அதனாலதான் இந்த ஜாதிக் கிட்டார் கத்தாதுன்னு ஒவ்வொரு விருந்துலயும் சாப்பிட விடாம பாடம் எடுப்பியே. இப்பப் பாரு. ஒத்திகைல மயக்க டாக்டர் டிரம்ஸை நிறுத்திட்டு, ‘யாருக்காவது வலிக்குதா’ன்னு கேக்கறாரு. சனிக்கிழமை எங்க டாக்டருங்க சங்கத்து விழா. மேடையில நான் இதை வச்சுக்கிட்டு நின்னா, பல் டாக்டர் கிளினிக் சத்தம் மேடைக்கே வந்துடுச்சும்பாங்க.

– இந்த ஜாதிக் கிட்டார்னு லேசாச் சொல்றீங்க. கேட்டுக்குங்க. முழுக்கட்டையில செஞ்சது கூச்சல் போடும். முழுக்க உள்ள காலியா இருக்கறது பெருமூச்சு விடும். இது ரெண்டுக்கும் நடுவுல பேசும். பெரிய பெரிய கைங்கல்லாம் வாழ்நாள் பூரா இதைக் கட்டிக்கிட்டு அழுதாங்கன்னா சும்மா இல்ல. ஆளு மாதிரி, தொண்டை வச்ச கிட்டார் இது. சோகமா வாசிச்சா மூக்கை உறிஞ்சும்.

– எனக்கு மூக்கும் வேணாம் தொண்டையும் வேணாம். என் ஹால்ல அந்தப் பெரிய கைங்க அத்தனை பேர் படமும் வரிசையா மாட்டியிருக்கேன், எல்லார் மடியிலயும் இதே ஜாதிக் கிட்டார்தான். அவங்களுக்குக் கத்தல, எனக்கு மட்டும் கத்துதுன்னா, பொருள்லதான் கோளாறு.

– பொருள்லயா? சரி, திறங்க. பாப்போம்... கம்பி மாத்தியிருக்கீங்க. பாலிஷ் போட்டிருக்கீங்க. எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது டாக்டர். இது கிட்டாரா, பாத்ரூமா?

– வாங்கின பொருளைச் சுத்தமா வச்சிக்கறது தப்பா? உன் கடையில தொங்கினப்ப சுவத்துப்பல்லி கூட அதும்மேல நடக்க யோசிக்கும், அவ்வளவு பிசுக்கு.

– பாலிஷ் போனாப் போகுது. இந்த வளைஞ்ச ஓட்டை வழியா விரலை விடறேன்... காலியா இருக்கே. அந்தப் பக்கமும்... காலி. டாக்டர், உள்ள இருந்தது எங்க?

– எது?

– உள்ள இருந்தது.

– ஓ, அந்தக் குப்பையா? அதைப் பத்தி நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். நானாத்தான் கண்டுபிடிச்சேன். நெத்தி விளக்கை மாட்டிக்கிட்டு, வாய்க்குள்ள விட்டுப் பாக்கற குட்டிக் கண்ணாடியை ஓட்டைக்குள்ள விட்டுப் பாத்தா, ரெண்டு பக்கமும் எவனோ அழுக்குத் துணியைக் கிழிச்சு அடைச்சு வச்சிருக்கான். கடைவாய்ப் பல்லுல சொத்தையைப் பாத்துட்டு நான் சும்மா விடுவேனா? இடுக்கியால கொஞ்சம் கொஞ்சமா உருவினேன். ஞாயித்துக்கிழமை பூரா அதே வேலை. ஓட்டை ஓரத்துல ஒரு கீறல் காட்டு பாப்போம்.

– உருவி?

– குப்பைத் தொட்டியில போட்டேன். கையுறை போட்டுக்கிட்டுத்தான்.

– உக்காருங்க டாக்டர். நின்னுக்கிட்டிருந்தீங்கன்னா நான் அடிச்சிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு.

– என்னடா மரியாதை குறையுது?

– அது துண்டு. தொப்பிக்காரர் துண்டு. இந்த ஊருக்கு அவர் கச்சேரிக்கு வந்தப்ப, வர்ற வழியில அவரோட கிட்டார் கழுத்து உடைஞ்சு போச்சு. ஆளுங்க ஓடி வந்து இந்தக் கடையிலேருந்து இதைத் தூக்கிட்டுப் போனாங்க, பின்னாடியே நானும் போனேன். மேடையில பீரோ பீரோவா ஸ்பீக்கர். அந்தச் சத்தம் இதோட காலி வயித்துக்குள்ள பூந்தா ஊளையிடாம என்ன பண்ணும்? அந்த மனுஷன் சிரிச்சாரு. கழுத்துல கெடந்த துண்டை எடுத்து ரெண்டாக் கிழிச்சு, ஒரு விரலால, குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி உள்ள ஊட்டினாரு. அப்பறம் வாசிச்சாரு பாருங்க. முன்வரிசையில ஒரு போலீஸ்காரர் அழுதாரு.

– அதை எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கியா? சீட்டுல விலை மட்டும்தானே இருந்துச்சு?

– உங்க ஹால்ல மாட்டியிருக்கற அவரோட படம் அன்னைக்கு எடுத்ததுதான், பாருங்க. இதே கிட்டார், ஓட்டை ஓரமா வெள்ளையா ஒரு நுனி எட்டிப் பாக்கும். தினமும் அதுக்குக் கீழ உக்காந்துதானே காப்பி குடிக்கிறீங்க? பல்லு இடுக்குல இருக்கறதெல்லாம் தெரியுது, இது தெரியலையா?

– சரி, இப்ப என்ன? வேற ஒரு துண்டை அடைச்சுக் குடு. கத்தாதில்ல?

– கத்தாது. தாராளமா அடைக்கலாம். ஆனா நீங்க காசு குடுத்தது கத்தாத கிட்டாருக்கா, தொப்பிக்காரருக்கா?

– தொப்பிக்காரருக்குத்தான்.

– அவரைத்தான் கையுறை போட்டு குப்பையில போட்டுட்டீங்களே. கம்பியை மாத்திட்டீங்க, அவர் விரல் பிசுக்கை எலுமிச்சை போட்டுத் தொடச்சிட்டீங்க, துண்டையும் உருவிட்டீங்க. இப்ப இது வெறும் மரம். அரைவயித்து மரம்.

– எனக்கு இந்த வியாக்கியானம்லாம் வேணாம். எடுத்துக்கிட்டு முழுப் பணத்தையும் எண்ணி வை.

– எனக்கு வேணாம்.

– என்ன வேணாம்?

– இந்தக் கிட்டார். ஓசியில குடுத்தாலும் வேணாம். பொணத்துக்குப் பவுடர் போட்டுக் கொண்டாந்து நீட்டறீங்க. சனிக்கிழமை அங்க வர்ற கிட்டார் பைத்தியம் ஒண்ணு ரெண்டு பேருக்கு விஷயம் தெரிஞ்சா, தொப்பிக்காரர் துண்டைத் தூக்கிப்போட்ட டாக்டர்னு ஆயுசுக்கும் அதான் உங்க பேரு.

– மெரட்டறியா?

– அத்தான், எப்ப வந்தீங்க? தண்ணி கூடக் குடிக்காம ரெண்டு பேரும் என்ன சத்தம். தெருவே நின்னு கேக்குது.

– நல்ல வேளை வந்த, சின்னவளே. நீ வித்த லட்சணத்தைப் பாரு. உன் புருஷன் பணத்தைத் தரமாட்டானாம், கிட்டாரும் வேணாமாம். உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

– டாக்டர், அவங்ககிட்ட சொல்லுங்க, இது நானும் நீங்களும் பேசிக்கிற விஷயம்னு.

– அத்தான், அவர்கிட்ட சொல்லுங்க, கடை என் பேர்லயும் இருக்குன்னு. இங்க பாருங்க, குடும்பத்துக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்? பொருளைத் திறந்து, நோண்டி, உள்ள இருந்ததை எடுத்துட்டீங்க. இருக்கட்டும். பாதி விலைக்கு நாங்க எடுத்துக்கறோம்.

– பாதியா? என்கிட்டயே பேரம் பேசறியா?

– உங்ககிட்ட போய் பேரம் பேசுவேனா அத்தான்? நான் ஒரு விலை சொன்னேன். நீங்க பல்லுக்குச் சொல்ற மாதிரி. அவ்வளவுதான்.

– ம்... பாதின்னா பாதி. வளவளன்னு இழுக்கறது எனக்குப் பிடிக்காது.

– பாதியா? இந்த மரத்துக்கா? டாக்டர், நான் ஒத்துக்க மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.

– நீயே சொல்லிக்கோ, நான் என்ன தபால்காரனா? சரி சின்னவளே, சனிக்கிழமைக்கு நான் எதை வாசிக்கறது?

– அதோ, மூலையில நீலக் கலர்ல தொங்குதே, அதை எடுத்துக்கிட்டுப் போங்க. உங்களுக்கு வர வேண்டிய பாதிக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. முழுக்கட்டை. கத்தவே கத்தாது. முக்கியமா அதுல ஓட்டையே கிடையாது அத்தான், எட்டிப் பாக்க வழியில்ல.

– நல்லா இருக்கே. கலரும் சுத்தமா இருக்கு. யாரு வாசிச்சது இது?

– யாருமே வாசிக்கல அத்தான். புத்தம் புதுசு.

– அதுவும் நல்லதுதான். சகலை, அந்தத் துண்டு விஷயம் வெளிய போச்சுன்னா உன் கடைவாய்ப் பல்லு என் கையிலதான் இருக்குன்றதை ஞாபகம் வச்சிக்கோ. வரேன்.

– பெட்டியை நேராப் புடிங்க டாக்டர். கதவுல இடிக்காதீங்க.

– போயிட்டாரு. இனிமே யாரை வச்சுப் பேசுவீங்க? பேனாவை எதுக்கு எடுக்கறீங்க, சீட்டு எழுதப் போறீங்களா?

– எதுக்குப் பாதி சொன்ன? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா சும்மா வச்சிட்டுப் போயிருப்பாரு. நான் வேணாம் வேணாம்னு எதுக்கு நடிச்சேன்?

– நடிச்சீங்களா? பெட்டியைத் திறந்ததுலேருந்து அதோட கழுத்துல இருந்து கையை எடுக்கல நீங்க. அத்தான் பல்லைப் பாத்துப் பழகினவரு, கையைப் பாக்கல. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, சின்னப் புள்ளைக்கே தெரிஞ்சிருக்கும்.

– நீ வித்திருக்கவே கூடாது.

– பொண்ணு காலேஜுக்கு எதைக் கட்டியிருப்பீங்க? தொப்பிக்காரர் வந்து வாசிச்சுக் காட்டுவாரா? அந்த விலையை எழுதினது நீங்க. சரின்னு ஒருத்தர் நிக்கும்போது இல்லைன்னு சொல்ல, நான் உங்களை மாதிரி பாட்டுக்காரி இல்ல. எங்கப்பன் சந்தையில வளந்தவ.

– துண்டு போச்சே. அதை என்ன விலை குடுத்து வாங்குவ நீ?

– ஒரு மாசமா பக்கத்துல உக்காந்து சாப்பிடற மனுஷி மூஞ்சியைப் பாக்காம துண்டுக்கு அழறீங்க. இந்தாங்க, இந்தப் பழைய துண்டைக் கிழிச்சு உள்ள அடைங்க. நல்லா அழுக்காப் பாத்துத்தான் எடுத்தேன்.

– அவர் திருப்பிக் கொண்டாருவாருன்னு நீ நெனச்சியா? நான் நெனக்கவே இல்ல.

– நெனைக்கறதுக்கு என்ன இருக்கு? அக்காவுக்கு போன் போட்டேன், அத்தான் எடுத்தாரு. ‘அவசரத்துல சுத்தம் பண்ணாமக் குடுத்துட்டேன் அத்தான், உள்ள ஏதோ அடைஞ்சு கெடக்குது, மன்னிச்சுக்குங்க’ன்னேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவரோட இடுக்கி பாத்துக்கிச்சு.

– அடிப்பாவி. நானாத்தான் கண்டுபிடிச்சேன்னாரே... அப்ப துண்டு போனது உன்னால.

– கிட்டார் வந்ததும் என்னாலதான்.

– கேட்டுக்கோ. இனிமே இது அந்த ஆணியை விட்டு நகராது. நகந்தா நான் இந்த வீட்டுல இல்ல.

– நகரும். நாளைக்குக் காலையில ஒரு கண் டாக்டர் வாங்க வர்றாரு, போன்லயே முழு விலைக்கும் சரின்னுட்டாரு. இன்னைக்கு ஆசை தீர வாசிச்சுக்குங்க. மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, எங்க போயிடப் போகுது, திரும்பி இங்கதான் வரும். ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா, விளக்கடிச்சு உள்ள பாக்காம அந்த மனுஷனுக்கும் தூக்கம் வராதாம்.