நான்காம் அறையில் நாற்பது நிமிடம்

அக்டோபர் மாத லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலில் செதுக்கிய பூசணிக்காய் மூன்று நாள்கூடத் தாங்காது. அதனால் எங்கள் வாசலில் எப்போதும் பிளாஸ்டிக் பூசணிதான். தண்ணீருக்கு நன்றி, ஆபீசர். நீங்கள் அதட்டாமல் கேட்கிறீர்கள். நானும் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வெண்டல் ஆஸ்ட்ரோ. ஹாலிவுட்டில், பெரிய வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய செருப்புக்கடை ஒன்றில் என் அருங்காட்சியகம் இருக்கிறது. இறந்துபோன நட்சத்திரங்களுக்கானது. நான்கு அறைகள், ஒரு கறுப்பு வேன். யார் எந்த நீச்சல்குளத்தில் மிதந்தார், யாருடைய கார் எந்த மரத்தில் மோதியது என்று வேனில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, கடைசியில் அறைகளுக்குள் விடுவோம். மற்ற மாதங்களில் வேன் பாதி காலியாக ஓடும். எல்லாரும் பேய் வேடம் போடும் ஹாலோவீன் நெருங்கினால் வரிசை தெருமுனையைத் தாண்டும்.

எல்லாரும் பார்க்க வருவது நான்காம் அறையைத்தான். அது நடிகை கொரின் ஆபெலின் படுக்கையறை மாதிரி அமைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், ஒருவனோடு திரும்பத் திரும்பத் தொலைபேசியில் பேச முயன்று, அவன் எடுக்காமல், ரிசீவரைப் பிடித்தபடியே தனியாக இறந்துபோனாள் என்று நாங்கள் சொல்வோம். அந்த ரோஜா நிறத் தொலைபேசியை ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு சாமானாக வாங்கினேன். கதையை ஒரு கார் ஓட்டுநர் சொன்னார். மீதியை நான் சேர்த்தேன்.

டெல்ஃபின் மார்ஷ் பதினோரு வருடங்களுக்கு முன்னால் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஆறு வருடம் நர்ஸாக நடித்தார். கதையில் அந்த நர்ஸ் லாரியில் அடிபட்டுச் செத்தாள். அதற்குப் பிறகு டெல்ஃபினை யாரும் கூப்பிடவில்லை. நான்காம் அறையில் கட்டிலின் மேல் கிடந்த மெழுகு பொம்மையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“கொரின் என் சிநேகிதி. அவ இப்படி மீன் மாதிரி படுக்கமாட்டா. பொம்மையை எடு, நான் காட்டுறேன்.”

காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரும் வெள்ளிநிற இரவு உடையில், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார். ஆட்கள் பொம்மை என்று நினைத்துக் குனிவார்கள். சட்டென்று எழுந்து உட்காருவார். அலறுவார்கள், பிறகு சிரிப்பார்கள். எழுபத்தொன்பது வயதிலும் அந்த வேகம் குறையவில்லை. நெஞ்சு வலிக்கான மாத்திரைகளை ஒரு சின்ன வெள்ளிப் பெட்டியில் போட்டு, உடையின் மடிப்பில் வைத்திருப்பார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒன்று. எனக்கும், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் ரோசால்பாவுக்கும் அது தெரியும்.

ஹாலோவீனுக்கு முந்தைய நாள் மத்தியானம், சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

“வெண்டல், கொரின் ஆஸ்பத்திரியில செத்தா. நிமோனியா. போனும் இல்ல, ஒரு ஆம்பளையும் இல்ல. அவ கையைப் பிடிச்சிட்டு நான்தான் இருந்தேன்.”

“இதை ஏன் இப்பச் சொல்றீங்க?”

“டாக்டர் என் நெஞ்சைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குறாரு. போறதுக்கு முன்னாடி அவளுக்கு இதையாவது செஞ்சிட்டுப் போறேன். நாளைக்கு நாலு மணிக்கு டிவிக்காரங்க வர்றாங்கல்ல, அவங்ககிட்டச் சொல்லப்போறேன்.”

“அப்ப நான் இந்த அறையை மூடிட வேண்டியதுதான்.”

“மூடு. மூணு அறை போதாதா உனக்கு? இந்த ஊர்ல செத்தவங்களுக்கா பஞ்சம்?”

நானும் சிரித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. இது காரணம் இல்லை.

மறுநாள் பகல் இரண்டு மணி. பதினைந்து பேரோடு நான்காம் அறைக்குள் போனேன். எலும்புக்கூடு உடை போட்ட ஒருவன் குனிந்து பார்த்தான். டெல்ஃபின் எழுந்து உட்காரவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. இடது கை போர்வையைப் பிசைந்தது. மாத்திரைப் பெட்டி மடிப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாராவது மிதித்துவிடக் கூடாதே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

“வெண்டல்,” என்றார். “மாத்திரை.”

“யாருங்க அது வெண்டல்?” என்று எலும்புக்கூடு என்னிடம் கேட்டான்.

“அவ கடைசியா போன் பண்ணுன ஆளு,” என்றேன். “அவன் வரவே இல்ல.”

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெல்ஃபின் என்னைப் பார்த்தார், இன்னொரு முறை என் பெயரைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அறையில் பதினோரு வருடமாக அலறலும் சிரிப்பும்தான் கேட்டிருக்கிறேன். கைதட்டல் அன்றுதான்.

அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த குழுவை வரச்சொன்னேன். அதற்கடுத்த குழுவையும். எல்லாருக்கும் அதே கதை, அதே கைதட்டல். மூன்றாவது குழுவில் சூனியக்காரித் தொப்பி போட்ட ஒரு பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “நான் நிஜமாவே நர்ஸ்ங்க. இவங்க உதடு நீலமா இருக்கே?”

“மேக்கப். நல்லா வந்திருக்குல்ல?”

அவள் தயங்கினாள். பிறகு அவளும் படம் எடுத்துக்கொண்டாள். அப்போதும் டெல்ஃபினுக்கு மூச்சு இருந்தது. நான்காவது குழு வந்தபோது இல்லை.

இரண்டே முக்காலுக்கு ரோசால்பா எலுமிச்சை ஜூஸோடு வந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டாள்.

“ஐயோ கடவுளே. வெண்டல், இவங்க நடிக்கல.”

“அப்படியா?” என்றேன்.

டாக்டர் பழைய நெஞ்சு நோய் என்று எழுதினார். தொலைக்காட்சிக்காரர்கள் வாசலை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பரில் அந்த வெள்ளிப் பெட்டியைக் கண்ணாடிப் பேழையில் வைத்தேன். ‘கொரின் ஆபெலின் மாத்திரைப் பெட்டி’ என்று அட்டை எழுதினேன். வெண்டல் என்பவனைப் பற்றியும் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச்சில் யாரோ தன் கைபேசியில் எடுத்த காட்சியை இணையத்தில் போட்டார்கள். ரோசால்பா அதைச் சத்தத்தோடு கேட்டிருக்கிறாள், டெல்ஃபின் என்னிடம் மாத்திரை கேட்டது உட்பட. அவள் உங்களிடம் வந்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். டெல்ஃபின் மேல் அவளுக்குப் பிரியம்.

எனக்கும்தான். ஆமாம், மாத்திரையை நான்தான் எடுத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் சாகிறார் என்று முதல் நிமிடத்திலேயே தெரியும். நான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஐம்பது வருடமாக யாருமே கூப்பிடாத ஒரு நடிகைக்கு அன்று அறுபது பேர் கைதட்டினார்கள். ஊருக்கு வெளியே வான் நைஸில், அவர் குடியிருந்த ஒற்றை அறையில் கவனிப்பாரில்லாமல் போயிருக்க வேண்டியவர். டெல்ஃபின் மார்ஷுக்கு அப்படி ஒரு சாவு கிடைத்தது என்னால்தான்.

என்ன கேட்டீர்கள்? அந்த அறுபது பேரில் அவர் பெயர் யாருக்காவது தெரியுமா என்றா?

தெரியாது. நான் சொல்லவில்லை. அவர்கள் கைதட்டியது கொரினுக்கு.