கழுத்தைத் தாண்டிய நீலம்

இரவு ஏழு மணி. சாமளாபுரத்திலிருந்து ஆற்றோரமாகப் போகும் ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் வேலிக்கருவை. மின்வெட்டு வேறு... இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே கும்மிருட்டு.

அந்த ரோட்டில் மொபெட்டில் தனியாகப் போனவன் வேல்குமார். இதோ, இங்கே நம்மோடு உட்கார்ந்திருக்கிற ராமருக்கு மச்சான். வேலம்பாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். இரண்டாயிரத்து எட்டு, ஆயுத பூஜை. தங்கதுரையின் சாயப்பட்டறையில் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கரண்ட் இல்லாமல் டிஜிட்டல் கேமராவில் சார்ஜ் ஏறவில்லை. பழைய பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டான். கடையில் மிச்சமிருந்தது ஒரே கலர் ரோல்... அதுவும் தேதி முடிந்து நாலைந்து வருஷம் ஆனது.

பட்டறை கேட்டுக்கு வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராமுத்தாய். தெற்கத்திப் பெண். அவள் புருஷன் பெரியகருப்பன் அங்கேதான் வேலை பார்த்தான். சில நாள் முன்னால் நீலச் சாயக்கழிவு நின்ற தொட்டியைக் கழுவ இறங்கினான். ஏறி வந்ததை யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் ஊருக்கு ஓடிவிட்டான் என்றார் தங்கதுரை. அன்று ராத்திரியே தொட்டியின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடினார். அதற்கப்புறம் ராமுத்தாய் அந்த கேட்டை விட்டு நகரவில்லை.

பூஜை அந்தப் பலகையின் மேலேயே நடந்தது. பொரி, பூசணிக்காய், கற்பூரம்... எல்லா வாசனைக்கும் அடியில் அழுகின முட்டை நாற்றம். வேல்குமார் ஒவ்வொரு தடவை கிளிக் செய்ததும் காலுக்குக் கீழே ஒரு சத்தம்.

டொக்.

ஜெனரேட்டர் அதிர்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் டவுன் லேபில் பிலிமைக் கழுவி வாங்கினான். கரண்ட் வந்ததும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஸ்கேன் போட்டான். பழைய பிலிம் இல்லையா? படம் முழுக்கச் செம்மை ஏறி, மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தங்கதுரையின் பாதம் மட்டும்... நல்ல நீலம்.

அடுத்த படத்தில் முழங்கால் வரை. அதற்கடுத்ததில் இடுப்பு. பக்கத்திலேயே நின்ற அவர் மனைவி சித்ராதேவியின் சேலையில் ஒரு பொட்டு நீலமில்லை. கம்ப்யூட்டரில் கலரை மாற்றிப் பார்த்தான். மற்றதெல்லாம் மாறியது. அந்த நீலம் அசையவில்லை.

கழுத்து வரை ஏறிய படத்தைப் பார்த்ததும் பயந்துபோய்த் தங்கதுரைக்கு போன் போட்டான். சித்ராதேவி எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோமுங்க. மொதல்ல காலு சில்லுன்னு இருக்குதுன்னாருங்க... இப்ப கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குதுங்கறாரு. மூச்சு உட முடியலீங்க."

தங்கதுரை போனைப் பிடுங்கிய சத்தம். பிறகு அவர் குரல், கொப்புளித்துக்கொண்டு.

"வேலு... பலகை போடறப்ப அவன் உள்ளிருந்து தட்டுனான் கண்ணு. வெளிய தெரிஞ்சா பட்டறைக்கு சீல் வெச்சிருவாங்கன்னு..."

லைன் அறுந்தது.

வேல்குமார் மவுசிலிருந்து கையை எடுத்தான். இன்னும் ஒரு படம் பாக்கி. போதும், இத்தோடு நிறுத்திவிடலாம்... எழுந்து திரும்பினான். வாசலில் ராமுத்தாய் நின்றிருந்தாள். அவளுக்கு இந்த இடத்தை யார் சொன்னது?

"இன்னும் ஒண்ணு இருக்குல்லய்யா?"

"வேண்டாமுங்கக்கா. அவரு செத்துருவாருங்க."

அவள் அழவில்லை. நகரவும் இல்லை. அவன் காதுக்குள் தங்கதுரையின் அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. தட்டுனான்... தட்டுனான்...

உட்கார்ந்தான். அழுத்தினான்.

ஸ்கேனர் வெளிச்சம் உர்ர்ர்... என்று மெல்ல நகர்ந்தது. பாதி தூரம் போகுமுன் போன் அடித்தது. "வாயில நீலத் தண்ணியா ஊத்துதுங்க! ஐயோ..." சித்ராதேவியின் அலறல். அப்புறம் அதுவும் இல்லை.

திரையில் படம் விழுந்தது. தங்கதுரை நின்ற இடத்தில் தலைக்கு மேல் நீலம். அதற்குப் பின்னால், பூஜையில் யாரும் பார்த்திராத ஒருவன், கைலியும் பனியனுமாக, ஒரு சொட்டு ஈரமில்லாமல், கேமராவைப் பார்த்து நின்றான்.

ராமுத்தாய் பக்கத்தில் வந்தாள். திரையில் தன் புருஷனின் தலைமுடியை விரலால் மெல்லக் கோதினாள்.

"இப்பத்தான்யா அவுகளுக்குத் தல காஞ்சிருக்கு."