பதினோரு நாள் மழை

— இன்னும் எத்தினி படி கீது?

— பாதி வந்துட்டோம். இப்டி ஒக்காரு காஞ்சனா. மூச்சு வாங்குது உனுக்கு.

— எனுக்கா! ஜுரத்துல கெடந்து எழுந்த ஆளு நீங்க…

— அது ஐப்பசியில. இப்ப தை முடியப் போவுது. கீழ பாரேன்… ஊரே பனியில மெதக்குது.

— ஆங்… பால்ல ஊறுன பன்னு மாதிரி. கொளம் மட்டும் லேசா தெரியுது. அந்தாண்ட பொகை உட்டுகினு போறது அரக்கோணம் வண்டியா?

— ஆமா. சத்தமே கேக்கல பாரு. கனவுல போற வண்டி மாதிரி.

— சரி, மழை ஆபீஸ்லர்ந்து மெட்ராஸ் ஆபீசர் வந்தாரே காலைல… அவர் போனதும் போகாததுமா மலைக்கு இழுத்துகினு வந்துட்டீங்க. இன்னா சொன்னாரு அவுரு?

— நெறைய சொன்னாரு. ஒலகத்துல வேலைன்னா நாலு அடுக்காம். மண்ணுலர்ந்து எடுக்கறது மொத அடுக்கு. எடுத்தத வெச்சி எதுனா செய்யறது ரெண்டாவது. அத்த தூக்கிகினு போயி விக்கறது மூணாவது.

— நாலாவது?

— தெரிஞ்சிக்கறது. தெரிஞ்சத நாலு பேருக்கு சொல்றது.

— அட! அத்த எங்க தெரு பொம்பளைங்க குழாயடியில தெனம் பண்றாங்களே!

— சிரிக்காத. மழைய அளக்கறது அந்த அடுக்குல தான் வருதாம்.

— எங்க நைனா கிட்ட போயி சொல்லுங்க. மருமவன் இன்னா தொழில்னு யாராவது கேட்டா தொண்டைய கனச்சிக்கறாரு. ‘பொதட்டூர்பேட்டைல ரெண்டு தறி போட்டு தரேன்னேன். அவுரு பாட்டில்ல தண்ணி புடிச்சி, அளந்து, அந்த தண்ணியையும் கீழ ஊத்திட்டு வர்றாரு’ங்கறாரு.

— நம்பர வெச்சிக்கறோம்ல! தண்ணி எதுக்கு?

— நாலாவதுன்னா… நாலாம் பந்தி. போயி ஒக்காந்தா பாயசம் இருக்காது.

— மொத மூணு பந்தியில ஒக்காந்தவனுங்க யார கேட்டுகினு கெளம்பறானுங்க? கனகம்மாசத்திரத்துல வேர்க்கல்ல காயப் போட்டவன் மழ வருமாங்கறான். உங்க நைனா தெருவுல தறிக்கு பாவு நூல நீட்டறப்ப வானத்த பாக்கறாரு. லாரிக்காரனும் கேக்கறான்.

— நீங்க பேஞ்சத தான அளக்கறீங்க? வரப்போறத எங்க சொல்றீங்க?

— பேஞ்சத ஒழுங்கா சொன்னா தான் வரப்போறத அவுங்க மெட்ராஸ்ல கண்டுபுடிக்க முடியும்.

— ம்… இத்த சொல்றதுக்கா அவ்ளோ தூரம் வந்தாரு?

— மொட்டக் கடுதாசி ஒண்ணு போயிருக்குது காஞ்சனா.

— …யார பத்தி?

— என்ன பத்தி தான். ‘ஐப்பசியில பதினோரு நாளு மழைய அளந்தது சிவப்பிரகாசம் இல்ல’ன்னு.

— எல்லப்பன் அளந்தாருன்னு சொல்லிடறது தான! உங்களுக்கு டைபாய்டு. கண்ணே தொறக்கல. ஆபீஸ் பியூன் அளந்து எழுதினாரு. அதுல இன்னா தப்பு?

— அப்டி தான் நீ எங்கிட்ட சொன்ன.

— ஆங்… சொன்னேன்.

— அந்த எட்டாவது நாளு இருவது சென்டிமீட்டர். அந்த அளவ சொல்லி போன தந்திய பாத்து தான் பாலத்துக்கு இந்தாண்டயே ரயில நிறுத்தினாங்க. ரெண்டு மணி நேரத்துல கரைய அரிச்சிகினு போச்சு வெள்ளம். வண்டி நெறைய ஜனம்… அதுக்கு தான் எனுக்கு பாராட்டு காயிதம். மெட்ராஸ்ல பெரிய வேல.

— தெரியும். இப்ப எதுக்கு அதெல்லாம்?

— போன மாசம் அந்த காயிதத்த எல்லப்பன் கையில குடுத்தேன். ‘இது உனுக்கு வர வேண்டியதுய்யா’ன்னு. அத்த தலகீழா புடிச்சிகினு, ‘எந்த சாமி பத்திரிக சார் இது?’ன்னாரு. அவுருக்கு எழுத்தே தெரியாது காஞ்சனா. கைநாட்டு.

— பனி ஏறி வருது. எழுந்துருங்க, போலாம்.

— ஒக்காரு.

— …ஒரு மாசமா தெரிஞ்சிகினே சும்மா இருந்தீங்களா?

— நீ மூணு மாசமா சும்மா இருந்தியே.

— சொன்னா உங்க வேல போயிடும்னு பயந்தேன். சர்க்கார் புக்கு. வெளி ஆளு எழுதலாமா?

— அன்னிக்கு எப்டி போன? தெருவெல்லாம் தண்ணி.

— முட்டி வரைக்கும் இருந்துது. பாட்டில் ரொம்பி வழிஞ்சி, வெளி டப்பாவுலயும் நின்னுகினு இருந்துது. அளக்கற கண்ணாடியோ இத்துனூண்டு. பத்து வாட்டி ஊத்தி ஊத்தி அளந்தேன். எண்ணிக்க தப்பிடப் போவுதுன்னு ஒவ்வொரு வெரலா மடக்கிகினே… கண்ண தண்ணி மட்டத்துக்கு எறக்கி பாத்தனா… சொன்னா சிரிப்பீங்க.

— சொல்லு.

— உள்ள ஒரு குட்டி வானம் இருந்துது. ஊரு மேல பேஞ்சதெல்லாம் என் கையில வந்து அடங்கி நின்னா மாதிரி… எனுக்கு மட்டும் தெரிஞ்சா மாதிரி. வீட்டுக்கு வரவே மனசு வரல. நீங்க ஜுரத்துல கெடக்கறீங்க, நான் அங்க நின்னுகினு… பாவம் தான?

— பாவம் இல்ல.

— ஆபீசர் கிட்ட இன்னா சொன்னீங்க?

— ‘யாரு அளந்தது?’ன்னாரு. சொல்லிட்டேன். என் வீட்டுக்காரி. பேரு காஞ்சனா. எட்டாவது படிச்சவ. நான் அளக்கறத பாத்து பாத்தே கத்துகினவன்னு.

— ஐயோ! அப்ப மெட்ராஸ் வேல?

— இல்லன்னுட்டாரு. அந்த காயிதத்தயும் திருப்பி வாங்கிகினாரு. இங்க இருக்கற வேல இருக்கட்டும்னாரு.

— போச்சா… எவ்ளோ ஆசையா இருந்தீங்க…

— இருந்தேன். ராவெல்லாம் தூக்கம் வராது. இன்னிக்கு தான் நெஞ்சு லேசா கீது.

— என்ன திட்டுனாரா?

— எழுந்து நின்னாரு. அந்த பதினோரு நாளுக்கும் நேரா என் பேர அடிச்சாரு. செவப்பு மையில உன் பேர எழுதினாரு. ‘இவரு இல்லாத நாளெல்லாம் இனிமே அவங்களே அளக்கட்டும்’னு ஒரு வரியும் எழுதிட்டு போனாரு.

— என் பேரா? சர்க்கார் புக்குலயா…? பதினோரு வாட்டியா?

— பதினோரு வாட்டி. அழுவறியா?

— பனி… கண்ணுல பட்டுது.

— அந்த கடுதாசி போட்டவன் யாருன்னு தான் தெரியல. கஜபதியா இருக்குமோ? என் எடத்துக்கு ரொம்ப நாளா அலையறான். ஆளு கெடச்சா அடிக்கறதா கும்பிடறதான்னு…

— அவரு இல்லீங்க. பொங்கலுக்கு நைனா வந்தப்ப, ‘ஒரு ரயிலு ஜனத்தயே காப்பாத்துனவரு’ன்னு உங்கள ஊரே தூக்கி வெச்சி பேசுச்சு. நான் அடுப்பாண்ட நின்னு கேட்டுகினு இருந்தேன். மறுநாளு நான் தான் எழுதி போட்டேன். நம்பர்ல ஒரு புள்ளி மாறினா கூட பொய்யின்னு சொல்றவரு நீங்க… பேரு மட்டும் பொய்யா இருக்கலாமா?